நேட்டாலில் பறிபோன வோட்டு

1894-ம் வருஷம். வழக்கு முடிந்து தாய்நாடு திரும்பவிருந்த இளம் பாரிஸ்டர் காந்திக்கு டர்பனில் பிரிவுபசார விருந்து நடந்தது. அங்கே கண்ட பத்திரிகையொன்றில், நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவைப் பற்றிப் படித்தார். அவர் கப்பலேறவில்லை.

இத்தனைக்கும் எத்தனை இந்தியர் வாக்காளராயிருந்தனர்? 1895-ல் ஜாபிதாவில் ஐரோப்பியர் 9,309, இந்தியர் 251. இந்த 251 பேருக்கு அஞ்சியா ஒரு மசோதா!

சட்டசபைக்குச் செய்த விண்ணப்பம் பலிக்கவில்லை. தொண்டர்கள் ஊரூராய் அலைந்து இரண்டே வாரங்களில் சுமார் 10,000 கையெழுத்துகள் திரட்டினர். குடியேற்ற மந்திரி ரிப்பன் பிரபுவுக்கு மனு சென்றது. ஆகஸ்டு 22-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. லண்டன் சர்க்கார் மசோதாவுக்குச் சம்மதம் மறுத்தது.

ஆனால் வெள்ளையர் வேறு வழி கண்டனர். இனத்தின் பெயரே சொல்லாமல், பார்லிமெண்டு வாக்குரிமையில் அமைந்த பிரதிநிதி ஸ்தாபனங்கள் இல்லாத நாட்டாருக்கு வோட்டில்லை யென 1896-ல் சட்டமியற்றினர். ஏற்கெனவே ஜாபிதாவிலிருந்தோர் தப்பினர். புதியவர்க்குக் கதவு அடைபட்டது. தேர்தல் அறியாத நாடாம் நம்முடையது! நம் காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூர்க் கோயிற்சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் இன்றும் உள்ளன. (நிலமில்லாதவன் பெயர் அக்குடத்திலும் விழாது, மறைப்பானேன்?)

காந்தியும் அன்று தகுதிபெற்ற இந்தியருக்கே வாதாடினார். 1865-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே ஏறக்குறைய முற்றும் ஒதுக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கருக்காக அவர் அப்போது பேசவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1914-ல் அந்நாட்டை விட்டார், 1948-ல் மறைந்தார். தென்னாப்பிரிக்காவில் சகல இனத்தாரும் ஒன்றாய் வோட்டளித்த முதல் தேர்தல் தொடங்கியது 1994 ஏப்ரலில்.