தேசபந்து சித்தரஞ்சன் தாசர்

வடக்கே முத்தியாலுப்பேட்டை முதல் தெற்கே உப்பளம் வரை கடலை ஒட்டி நீண்டுள்ள புதுவை நகரம், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில் விடுதலை வீரர் பலர்க்குப் புகலிடமாக விளங்கியது. 1910ஆம் ஆண்டில் அரவிந்தர் இந்நகருக்கு வந்து தங்கினார். 1923ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவரைக் காண வங்கநாட்டுப் பெருந்தலைவர் ஒருவர் வந்தார். அவரே தேசபந்து சித்தரஞ்சன் தாசர். நாட்டுக்காக அவர் செய்த தியாகத்தைப் பலரும் அறிவர். கடன் என்னும் பெருஞ்சுமையை அவர் தாங்கிய திறமும், இறக்கிய திறமும் அதற்குக் குறைந்த சிறப்புடையன அல்ல.

தாசர் 1870ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் புவன மோகன தாசர். தாயார் நிஸ்தாரிணி தேவியார். தந்தையார் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொழில் நடத்தியவர், இரந்தவர்க்கு இல்லையென்னாதவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சித்தரஞ்சனர் இங்கிலாந்து சென்றார். ஐ.சி.எஸ். தேர்வில் அவர் வெற்றி பெறவில்லை. எனினும் மனந்தளராது சட்டம் பயின்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார்.

திரும்பிய மகனை வரவேற்றது வறுமை. தந்தையார் நண்பர்க்குப் பிணை நின்றதனாலும், வரவுக்கு மிஞ்சி வழங்கியதனாலும் குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தது. மைந்தரும் அப்பொறுப்பில் பங்கேற்றார். இளம் பாரிஸ்டரின் வருவாயோ வட்டிக்கும் போதவில்லை.

அக்காலத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் 1848ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது. கடனை அடைக்க இயலாதவர் அச்சட்டப்படி நீதிமன்றத்தில் மனுச் செய்து கொள்ளலாம். இதனையே நம் ஊர்களில் மஞ்சள் கடிதம் கொடுத்தல் என்பர். மனுச் செய்தவரின் உடைமைகளை நீதிமன்றத்தின் அலுவலர் ஏற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கு அவரவர் தொகைக்கேற்பப் பகிர்ந்தளிப்பார். கடனாளிக்குச் சிறையினின்று பாதுகாப்பும் கிடைக்கும்.

மனுச் செய்வதா, செய்யாதிருப்பதா? இவ்வினா எந்தக் கடனாளிக்கும் எளிதன்று. செய்யாவிடில் வட்டி வளரும். முந்திக் கொண்டவர் முழுதும் பெற, பிந்தியவர் வெறுங்கையுடன் நிற்பர். செய்தால் குடும்பத்தின் பெயர் குன்றும். நம்பிக்கையையே முதலாகக் கொண்ட வழக்கறிஞர்க்கு அஃது இன்னும் பெரிய இழப்பு. இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலை வந்தது. 1906ஆம் ஆண்டில் தந்தையும் மைந்தரும் கடன் தீர்க்க இயலாதவர் எனத் தம்மை அறிவிக்குமாறு நீதிமன்றத்தை வேண்டினர். உண்மை நிலையை மறைத்து வாழ்வதினும், அதனை ஊரறிய ஒப்புக் கொள்வது நேர்மையன்றோ!

இந்த இழிவு நீங்காத நாளிலேயே தாசருக்கு மற்றொரு சோதனை வந்தது. 1908ஆம் ஆண்டில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தர் சிறைப்பட்டார். வழக்குச் செலவுக்குத் திரட்டிய பணம் கரைந்தது. அந்நிலையில் ஊதியத்தைக் கருதாது அவருக்காக வாதாட முன்வந்தார் தாசர். இருநூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்ட அவ்வழக்கில், பிற தொழிலை ஒதுக்கி இரவு பகலாக உழைத்தார். 1909ஆம் ஆண்டு மே திங்களில் அரவிந்தர் விடுதலை பெற்றார். கடனால் தலைகுனிந்து நின்ற ஒருவரின் உழைப்பே, அரவிந்தர் பின்னர்ப் புதுவைக்கு வர வழி செய்தது எனலாம்.

இவ்வழக்கால் தாசரின் புகழ் பரவியது, வருவாயும் பெருகியது. பெருகிய செல்வத்தைக் கொண்டு அவர் முதலில் நினைத்தது பழைய கடனையே. சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நீதிமன்றத்தின் பாதுகாப்பும் அவருக்கு இருந்தது. எனினும் சட்டம் விடுவித்தாலும் மனச்சான்று விடுவிக்கவில்லை. 1913ஆம் ஆண்டில் தந்தையார் பட்ட கடனையும் சேர்த்து முழுவதும் தீர்த்தார். நீதிமன்றம் முன்னைய அறிவிப்பை நீக்கியது. குடும்பத்தின் மீதிருந்த மாசு துடைக்கப்பட்டது.

பின்னர் 1920ஆம் ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, திங்கள்தோறும் பல்லாயிரம் ரூபாய் ஈட்டித் தந்த தொழிலைத் துறந்தார், சிறையும் புகுந்தார். 1923ஆம் ஆண்டில் மோதிலால் நேருவுடன் சுயராச்சியக் கட்சியைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டில் கல்கத்தா நகரின் முதல் மேயரானார். தம் இல்லத்தையும் நாட்டுக்கே வழங்கினார். அங்கே பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1925ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் உயிர் நீத்தார். கல்கத்தாவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் காந்தியடிகளும் கலந்து கொண்டார்.

மாணவர்களே! கடன்படுதல் எவர்க்கும் நேரக்கூடும். கொடுக்க இயலாதபோது சட்டத்தின் துணையை நாடுவதும் குற்றமன்று. மூழ்குவோனுக்கு மிதவை உதவுவது போல அது துன்பக் காலத்தில் உதவும். ஆனால் கரையேறியபின், நம்பிக் கொடுத்தவரை மறவாதிருத்தலே பெருமை. கடன் தீர்த்த கைகளே பின்னர் நாட்டுக்கு வாரி வழங்கின என்பதை எண்ணிப் பார்ப்போமாக.