ஸர் பீட்டர் பிரையர்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கான்னமாரா என்றொரு பிரதேசம் உண்டு. பாறையும் சதுப்பும் நிறைந்த ஏழ்மை நிலம். 1845-ம் வருஷத்தில் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோயினால் மூண்ட பெரும் பஞ்சம் அந்நாட்டில் ஏறக்குறையப் பத்து லட்சம் உயிர்களைக் கொள்ளை கொண்டதை நமது வாசகர்கள் அறிவார்கள். கான்னமாரா அதில் கடுமையாக அடிபட்ட இடங்களுள் ஒன்று. அந்தக் காயம் ஆறுமுன்பே, 1851-ல், அங்கே ஸெல்லர்னா என்னும் ஊரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் பீட்டர் ஜான்ஸ்டன் பிரையர். வைத்திய சரித்திரத்தில் அவர் பிரிட்டிஷ் ரண சிகிச்சை நிபுணர் என்றே பதிவாகியிருக்கிறார். பிறப்பு அயர்லாந்தில், கை பழகியது இந்தியாவில், பெயர் மாத்திரம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

கால்வே நகரத்துக் கல்லூரியில் படித்து, 1874-ல் வைத்தியப் பட்டம் பெற்ற பிரையர், மறு வருஷமே இந்தியன் மெடிகல் சர்வீஸ் பரீட்சையில் முதல் ஸ்தானத்தில் தேறினார். அப்பரீட்சை லண்டனில் நடந்தது. 1855 முதல் இந்தியர்களுக்கும் அதன் கதவு திறந்திருந்ததாகப் பெயர். ஆனால் கடல் கடந்து செல்லப் பொருளுள்ளவனுக்கே அக்கதவு திறந்தது. இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடந்த உத்தியோகம் பெரும்பாலும் வெளிநாட்டாருக்கே வாய்த்தது இவ்வாறுதான். எனினும், வந்தவர்களில் உழைத்தவர்களும் இருந்தார்கள். பிரையர் அவ்வகையைச் சேர்ந்தவர்.

மொராதாபாத், பரேலி, அலகாபாத், காசி என்று வட மாகாணத்து ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இருபது வருஷங்களுக்கு மேல் அவர் வேலை பார்த்தார். மூத்திரப்பையில் கல் விழும் நோய் அப்பிரதேசத்தில் மிகுதி. பாலும் புலாலும் காணாமல் தானியத்தையே உண்டு வளரும் ஏழைக் குழந்தைகளையும், வெயிலில் நீர் வற்ற உழைப்பவர்களையும் அது பற்றும் என்பதை நாம் இன்று அறிவோம். அக்கல்லை எடுக்கும் பழைய வழி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே அறுத்து எடுப்பது. சுசுருத சம்ஹிதையிலேயே இம்முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. வடக்கே கிராமத்து வைத்தியர்களும் பரம்பரையாக இதைச் செய்துவந்தார்கள். பிழைத்தவரும் உண்டு, மாண்டவரும் உண்டு.

1824-ல் பாரிஸில் ஸிவியால் என்பவர், கத்தியே படாமல் மூத்திரத் துவாரத்தின் வழியாகக் கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கிக் காட்டினார். ஆனால் நொறுங்கிய துண்டுகள் தாமாக வெளியேறவேண்டும். நோயாளி பல முறை அவஸ்தைப்படவேண்டும். 1878-ல் பாஸ்டன் நகரத்து பிகலோ இக்குறையைத் தீர்த்தார். மயக்க மருந்து கொடுத்து, ஒரே அமர்வில் கல்லைப் பொடியாக்கி, அகன்ற குழாயும் ரப்பர்ப் பந்தும் கொண்டு பொடி முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார். மேனாட்டு வைத்தியர் பலர் இதைப்பற்றி விவாதித்துக்கொண்டிருக்கையில், பிரையரும், இந்தூரில் இருந்த கீகன் முதலியோரும் இந்தியாவில் செய்தே காட்டிவிட்டார்கள். லண்டனில் ஒரு வைத்தியர் ஆயுள் முழுவதும் காணாத அளவு நோயாளிகளை இங்கே சில வருஷங்களிலேயே காணலாம். அவ்வனுபவத்தை பிரையர் 1886-ல் நூலாகவும் வெளியிட்டார். அவர் கையில் திறமை ஏறியது ஹிந்துஸ்தானத்துக் குடியானவர்களின் உடம்பின்மீது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அக்காலத்தில் ராம்பூர் நவாபுக்கும் கல்லை நீக்கி அவர் குணப்படுத்தினார். நவாப் மகிழ்ந்து கொடுத்தது ஒரு லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த ஏழையின் கல்லும் நவாபின் கல்லும் ஒரே ஜாதிதான், கூலியில்தான் பேதம். சர்க்கார் உத்தியோகஸ்தர் சுதேச மன்னரிடம் இவ்வளவு பெரிய தொகை வாங்கலாமா என்று இந்திய சர்க்கார் ஆட்சேபித்தது. தகராறு முற்றியது. சுதேச மன்னர்களிடமிருந்து தான் கறந்த கப்பத்தில் குற்றம் காணாத சர்க்காருக்கு இதில் மட்டும் நியாய உணர்ச்சி பிறந்தது வேடிக்கைதான். ஆயினும், கேள்வி தவறான கேள்வியன்று என்பதே நமது அபிப்பிராயம்.

1896-ல் ஓய்வு பெற்று லண்டன் சேர்ந்த பிரையர், மறு வருஷம் அங்கே கல்லடைப்பு நோய்க்கென்றே ஏற்பட்ட ஸெயிண்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் அமர்ந்தார். வயோதிகத்தில் மூத்திரப்பையின் வாயிலுள்ள ப்ராஸ்டேட் கோளம் பருத்து நீரைத் தடுத்துவிடும். அந்நாளில் குழாய் விட்டு நீரை எடுப்பதே பெரும்பாலோருக்குக் கதி. அதனால் சீழ் பிடித்து மெல்ல மரணம். 1900 டிஸம்பர் 1-ந்தேதி பிரையர் அடிவயிற்றில் மூத்திரப்பையைத் திறந்து, விரலாலேயே அக்கட்டியைத் தோண்டி எடுத்தார். மற்றொரு கையின் விரல் ஆசனவாய் வழியே கட்டியை மேலே தூக்கிக் கொடுத்தது. சில நிமிஷங்களில் முடிந்த வேலை. அடுத்த வருஷம் இதைப் பிரசுரித்து, கோளத்தை முற்றிலும் எடுத்துவிட்டதாகவும், முறை தமது சொந்தம் என்றும் கூறினார்.

உடனே கண்டனங்கள் எழுந்தன. லீட்ஸ் நகரத்து மக்கில் 1887-லேயே இவ்வழியில் சென்றவர். அதற்குள் காலமாகிவிட்ட அவருக்காக அவருடைய சகா மேயோ ராப்ஸன் வாதாடினார். நியூயார்க்கில் புல்லர் என்பவரும் முன்பே செய்திருந்தார். பிரையர் எடுத்தது கோளம் முழுவதும் அன்று, அதற்குள் வளர்ந்த கட்டியே; நசுங்கிய கோளம் ஓடுபோல் உள்ளே நிற்கிறது என்பதையும் பரிசோதனைகள் காட்டின. பிரையர் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விவாதத்தில் நியாயம் எதிரிகள் பக்கமே அதிகம். ஆனால் முறையை உலகம் ஏற்கச் செய்தவர் அவரே. 1912-ல் ஆயிரம் பேருக்குச் செய்த சிகிச்சையின் கணக்கை வெளியிட்டார்; செத்தவர் தொகையையும் மறைக்கவில்லை. 1945-ல் மற்றோர் ஐரிஷ்காரரான டெரன்ஸ் மில்லின், மூத்திரப்பையைத் திறவாமலே கட்டியை எடுக்கும் வழியை வெளியிடும்வரை பிரையர் முறை நாடெங்கும் நடைமுறையில் இருந்தது.

முதல் மகா யுத்தத்தில் ராணுவ ஆலோசகராக உழைத்ததற்காக 1917-ல் ஸர் பட்டம் கிடைத்தது. 1921 ஸெப்டம்பரில் லண்டனில் காலமானார். அயர்லாந்தின் சுதந்திரப் போரில் சண்டை நின்று இரண்டு மாதமே ஆகியிருந்தது. உடன்படிக்கை கையெழுத்தாக மூன்று மாதம் இருந்தது. உடலைக் கடல் கடத்திக் கொண்டுபோய், கான்னமாராவிலுள்ள கிளிப்டனில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் கால்வே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.