டாக்டர் ஜான்ஸனும் ஆங்கிலச் சிறுவினைகளும்

ஆங்கிலம் பயில்வாரைத் திகைக்கச் செய்வன நெடிய சொற்களே என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நெடிய சொல்லொன்றன் பொருளை ஒருமுறை அகராதியிற் கண்டு மனத்திற் பதித்துக்கொண்டால், அது பெரும்பாலும் நம்மை ஏமாற்றுவதில்லை. 'டேக்', 'புட்', 'செட்', 'கிவ்' என்னும் ஓரசை வினைகளோ, தம்மோடு சேரும் சொல்லுக்கேற்ப வேற்றுருக் கொள்கின்றன. 'புட்' என்பது வைத்தல், 'அவுட்' என்பது வெளியே. இரண்டும் கூடினால் விளக்கை அணைத்தல் என்னும் பொருள் பிறக்கின்றது. 'டேக்' என்பது எடுத்தல், 'பிளேஸ்' என்பது இடம். இரண்டும் கூடினால் ஒரு காரியம் நிகழ்தல் என்பதாம். தமிழிலும் இத்தகைய கூட்டு உண்டு. கை இன்னது, விடுதல் இன்னது என்று தனித்தனியே அறிந்த அயலான், 'கைவிட்டான்' என்பதன் துயரத்தை உணர்வானோ?

ஆங்கிலத்தில் இக்கூட்டுகளின் அருமையை நன்குணர்ந்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் முயற்சியிற் பல்லாண்டு உழைத்த பெரியார் டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன். அன்னாருடைய வாழ்க்கையை நாம் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இவர் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள லிச்பீல்டு நகரில் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் ஒரு புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே பற்றிய கண்டமாலை நோய் இவருடைய முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றது, கண்பார்வையும் குறைந்தது. ஆயினும் தந்தையின் கடையிலிருந்த நூல்களை இவர் பெருவேட்கையுடன் கற்றார். 1728-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். வறுமை காரணமாகப் பதின்மூன்று மாதங்களுக்குப் பின் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. 1735-இல் எலிஸபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்து, சிறியதொரு பள்ளிக்கூடம் நிறுவினார். மாணவர் சிலரே வந்தமையால் அது நிலைக்கவில்லை. அவருள் ஒருவரும் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற நடிகருமான டேவிட் காரிக்குடன் 1737-இல் லண்டன் மாநகருக்குச் சென்று, பத்திரிகைகளுக்கு எழுதி வயிறு வளர்த்தார்.

1746-ஆம் ஆண்டில் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒருங்குகூடி, ஆங்கில அகராதியொன்று இயற்றித் தருமாறு இவருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1,500 கினி ஊதியமாகக் குறிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் முடிப்பதாக இவர் எண்ணினார்; பணி நிறைவேற ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் சென்றன. 1747-இல் வெளியிட்ட திட்ட நூலில், ஆங்கிலமொழி மேன்மேலும் மாறிச் சிதையாதபடி அதனை ஒருவாறு நிலைநிறுத்தலாம் என்னும் நம்பிக்கையை இவர் புலப்படுத்தியிருந்தார்.

காஃப் சதுக்கத்திலிருந்த வீட்டின் மேன்மாடமே பணிமனையாயிற்று. உதவியாளர் அறுவர், அவருள் ஐவர் ஸ்காத்லாந்து நாட்டினர். ஜான்ஸன் சிறந்த ஆசிரியர்களின் நூல்களைப் படித்து, வேண்டிய சொற்களைக் கரிக்கோலால் அடிக்கோடிட்டு, முதலெழுத்தை ஓரத்திற் குறிப்பார். உதவியாளர் அவ்வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டுகளிற் பெயர்த்தெழுதுவர். முதலிற் குறிப்பேடுகளில் இடம் ஒதுக்கிக்கொண்டு எழுதத் தொடங்கிய முறை பயன்படாமற் போகவே, சில ஆண்டு உழைப்பை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார். வாக்கியங்கள் காட்டிய பொருள்கள், முன்கூட்டி வகுத்த பிரிவுகளில் அடங்காமையே இதற்குக் காரணம் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அங்ஙனம் அடங்க மறுத்தவற்றுள் முதன்மையானவை சிறுவினைகளே. 'டேக்' என்னும் ஒரு சொல்லுக்கு மாத்திரம் இவர் 134 பொருட்பிரிவுகள் வகுக்க நேர்ந்தது. அவை பெரிய தாள்களில் ஐந்து பக்கங்களை நிரப்பின. வினையோடு 'ஆஃப்', 'அவுட்', 'அப்' முதலிய இடைச்சொற்கள் சேர்ந்து பிறக்கும் பொருள்களை, முன்னை அகராதிகாரர் செய்யாத அளவுக்கு விரிவாக இவர் திரட்டினார். 'புட் அப் வித்' என்பதற்குச் சினங்கொள்ளாது பொறுத்தல் என்று பொருளுரைத்தார். அப்பொருள் இன்றும் வழங்குகின்றது. 'டேக் ஆஃப்' என்பதற்கு விழுங்குதல், விலைக்கு வாங்குதல், படியெடுத்தல் என்பவற்றையும் குறித்தார். இன்றோ அத்தொடரைக் கேட்டவுடன் விமானம் மேலெழுவதே நம் நினைவுக்கு வருகின்றது.

பணி முடியுமுன்னரே, 1752-இல், மனைவி காலமானார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு உழைத்து, 1755 ஏப்ரல் 15-இல் இரு பெருந்தொகுதிகளாக அகராதியை இவர் வெளியிட்டார். 42,000-க்கு மேற்பட்ட சொற்களும், அவற்றை விளக்கும் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன. அதன் முகவுரையில், உயிருள்ள மொழியை அசையாமல் நிறுத்துதல் எவர்க்கும் இயலாது என்று, முன்னர்த் தாம் கொண்ட எண்ணத்தைத் தாமே மறுத்தார். வினையும் இடைச்சொல்லும் கூடும் கூட்டே அயல்நாட்டார்க்கு மிக்க இடர் தருவது என்பதையும் அங்கே எடுத்துரைத்தார். தம் தொகுப்பு முழுமையானதன்று என்றும், விடுபட்டவற்றைத் தொகுத்தவற்றோடு ஒப்பிட்டு உணரலாம் என்றும் வழிகாட்டினார்.

அகராதி புகழைத் தந்தது, செல்வத்தைத் தரவில்லை. 1756-இல் சிறு கடனொன்றிற்காக இவர் கைதாகி, நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸனின் உதவியால் மீண்டார். 1762-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 300 பவுன் அளித்த பின்னரே வறுமை நீங்கிற்று. 1784 டிசம்பர் 13-இல் இவ்வுலக வாழ்வை நீத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

மொழியைக் கட்டுப்படுத்தப் புகுந்தவர் அதற்குச் செவிசாய்ப்பவராக மாறியதே இவ்வரலாற்றின் சிறப்பென நாம் கொள்கின்றோம். விதியை முன்வைத்து வாக்கியத்தை அதற்குள் அடக்க முயன்றபோது பணி தடைப்பட்டது. வாக்கியத்தை முன்வைத்துப் பொருளைத் தேடியபோது நடந்தேறிற்று. நாமும் சிறுவினைகளைத் தனித்தனியே நெட்டுருச் செய்வதை விடுத்து, அவை எச்சொல்லோடு கூடி எவ்விடத்து எப்பொருள் பயக்கின்றன என்று நல்லாசிரியர் நூல்களிற் கண்டு குறித்து வருவோமாயின், நாளடைவில் அவை நம் வசப்படும். அதற்கு வேண்டுவன கரிக்கோலும், சில சீட்டுகளும், சலியாத பொறுமையுமே. ஜான்ஸனாரிடம் முதலாக இருந்தனவும் அவையே.