நாகஸ்வரத்தைக் கீழே இறக்கி, கலைஞனை மேலே ஏற்றியவர்!

2023-ல் புது நாடாளுமன்றத்தில் ஒரு செங்கோல் வைத்தார்களே, ஞாபகம் இருக்கா? 1947 ஆகஸ்ட் 14 அன்று அந்தச் செங்கோலை நேருவிடம் கொடுக்க திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து டெல்லிக்குப் போனவர்களோடு ஒரு நாகஸ்வரமும் போனது. வாசித்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. சுருக்கமாக டி.என்.ஆர்.

அவரோட தோடி ராகம், கோபம், வைரக் கடுக்கன் பற்றியெல்லாம் தாத்தாக்கள் நிறைய கதை சொல்வாங்க. நாம அவர் கையிலிருந்த குழலின் கதையைப் பார்ப்போம்.

பாட்டுக்காரப் பையன்

1898-ல் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளைதான் வளர்த்தார். அவரும் பெரிய நாகஸ்வர வித்வான். ஆனா பையன் முதலில் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு. அதுக்கப்புறம்தான் நாகஸ்வரத்தை எடுத்தார். பாட்டுக்காரன் காதோடு குழலை எடுத்தவர் என்பதால், தொண்டையில் வருவதெல்லாம் குழலிலும் வரணும் என்ற பிடிவாதம் கடைசிவரை போகவில்லை.

திமிரி, பாரி

அப்போது புழக்கத்தில் இருந்தது 'திமிரி' நாகஸ்வரம். நீளம் குறைவு, சத்தம் அதிகம். சுருதி நாலு கட்டைக்கும் மேலே. ஹார்மோனியத்தில் 'ஸ' எந்தக் கட்டையில் ஆரம்பிக்குது என்பதுதான் இந்தக் கணக்கு. கட்டை ஏற ஏறக் குரல் கீச்சென்று ஆகும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள்.

மைக் இல்லாத காலத்தில் திமிரிதான் சரி. சாமி புறப்பாடு நாலு வீதி சுற்றும்போது, வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கணுமே! ஆனா சபா மேடையில், மைக் முன்னால் அதே சத்தம் காதைத் துளைக்கும்.

'பாரி' நாகஸ்வரம் வேற ரகம். சுமார் இரண்டரை அடி நீளம், சுருதி இரண்டு, இரண்டரை கட்டை. சத்தம் கனமா, கார்வையோடு வரும். ஆனா வாசிப்பவர் பாடு கஷ்டம். குழல் நீளும்போது துளைகளுக்கு நடுவே இடைவெளியும் கூடும், விரலை அகட்டிப் பிடிக்கணும், மூச்சும் நிறைய வேணும். டி.என்.ஆர் இந்தக் கஷ்டத்தை விரும்பி ஏற்றார். ஜெர்மனியில் வாக்னர் தன் ஓபராவுக்காக டிரம்பெட்டின் குரலைக் கீழே இறக்கி 'பேஸ் டிரம்பெட்' கொண்டுவந்தார் இல்லையா, கிட்டத்தட்ட அதே ஆசை!

ஒரு ஸ்வரத்துக்காக...

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய குழல்களில் சுத்த மத்யமம் சுத்தமா விழாது, பிரதி மத்யமத்துப் பக்கம் சாயும். உதட்டையும் மூச்சையும் வைத்துத்தான் சமாளிக்கணும். டி.என்.ஆரின் உயிரான தோடியில் வருவதோ சுத்த மத்யமம்!

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அங்கே நாகஸ்வரம் செய்யும் ரங்கநாதன் ஆசாரியிடம் இந்தக் குறையைக் கொண்டுபோனார். பல முறை முயன்று, அந்த ஸ்வரம் ஒழுங்கா பேசும் பாரியை ஆசாரி செய்து கொடுத்தார்.

குழலுக்கு வேண்டியது ஆச்சா மரம். புதுசா வெட்டியது சரிப்படாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண்தான் வேணும். பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் வெடிக்காது, வளையாது. அதைக் கடைந்து விரல்களுக்கு ஏழு துளை போடுவார்கள். கீழே இன்னும் ஐந்து துளை உண்டு. அதில் மெழுகை வைத்து அடைத்துச் சுருதியைச் சரி பண்ணுவார்கள். வாயில் வைக்கும் சீவாளி, ஆற்றங்கரை நாணலில் செய்வது. ஆக, காவிரிக் கரையின் வீடும் புல்லும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம்.

நிற்க மாட்டேன்!

அந்தக் காலத்தில் நாகஸ்வரக்காரர் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டி, நின்றும் நடந்தும்தான் வாசிக்கணும். பாடகருக்கு மேடை, இவருக்குத் தெரு. டி.என்.ஆர் இதை ஏற்கவில்லை. கிராப் வெட்டி, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதில் தம்புராவைக் கொண்டுவந்தார். 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் ஹீரோவாகவும் நடித்தார். திமிர் பிடித்தவர் என்று பேசினார்கள்தான். ஆனா அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்ற நாகஸ்வரக்காரர்களுக்கும் உட்கார இடம் கிடைத்தது.

இதையும் குழலையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. தெருவுக்கான சத்தத்தை வைத்துக்கொண்டு மேடையில் மணிக்கணக்கில் ராகம் வாசிக்க முடியாது. மேடை கேட்டவருக்கு, மேடைக்கேற்ற குழலும் தேவைப்பட்டது.

1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். 58 வயசு. அவர் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் அந்த வழியைத் தொடர்ந்தார். இன்னைக்குக் கச்சேரிகளில் பெரும்பாலும் கேட்பது பாரிதான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனா பழைய ஆச்சா மரம் கிடைப்பதும், அதைக் கடையத் தெரிந்த கைகளும் குறைஞ்சுக்கிட்டே வருது.

டி.என்.ஆர் வாசித்த தோடி இணையத்தில் இருக்கு. பழைய ரெக்கார்டிங், கரகரன்னு இரைச்சல் இருக்கும். ஹெட்போன் மாட்டி, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடும்போது காதில் விழுந்த சத்தம்தானா இதுன்னு தோணும்.