1967-ல் எடுத்த ஒரு சாம்பிள்

ஹ்யூபர்ட் ஹம்ப்ரி ஒரு மருந்துக்கடைக்காரரோட பையன். 1911-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பிறந்தார். பணக்கஷ்டத்தில் காலேஜை பாதியில் விட்டு, பார்மசி படிச்சு, அப்பா கடையிலேயே நின்னார். அப்புறம் மினியாபொலிஸ் மேயர், செனட்டர், 1965-ல் துணை ஜனாதிபதி. 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் நிறைவேற முக்கியக் காரணம் இவர்தான். அரசியல் கதை பெரிசு, விட்டுடுவோம். நான் சொல்ல வந்தது அவரோட சிறுநீர்ப்பை பத்தி.

1967-ல் அவருக்கு சிறுநீரில் ரத்தம் வந்தது. அதிலிருந்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தும், புற்றுநோய்னு உறுதியா சொல்ல முடியலை. அடுத்த வருஷமே ஜனாதிபதி தேர்தலில் நின்னார். நிக்ஸனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் தோல்வி! 1976-ல்தான் நியூயார்க்கில் சிறுநீர்ப்பையை எடுத்தாங்க. கீமோதெரபியும் கொடுத்தாங்க. ஆனா நோய் இடுப்புப் பகுதியில் திரும்பி வந்தது. 1978 ஜனவரி 13 அன்று, 66 வயதில் இறந்தார்.

கதை அங்கே முடியலை. 1994-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பத்திரமா இருந்த அந்த 1967 செல்களை எடுத்து பிசிஆர் செஞ்சு பார்த்தாங்க. பி53 மரபணுவில் ஒரு பிறழ்வு. 1976-ல் எடுத்த கட்டியிலும் அதே பிறழ்வு! அதாவது, டாக்டர்கள் குழம்பி நின்னப்பவே விடை அந்த சாம்பிளில் இருந்திருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா 1968-ல் தேர்தலில் நின்னிருப்பாரா? எனக்கு சந்தேகம்தான்.

பி53 ஒரு காவல்காரன் மாதிரி. டிஎன்ஏ உடைஞ்சா செல் பிரியறதை நிறுத்தும், சரிசெய்ய முடியலைன்னா செல்லையே சாகடிக்கும். சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துகள் டிஎன்ஏவைத்தான் சேதப்படுத்தும். காவல்காரனே இல்லைன்னா, அடிபட்ட செல் சாகாம தப்பிக்கலாம். இதுவரை லாஜிக் சுலபம். ஆனா நோயாளிகளிடம் பார்த்தப்போ பி53-ஐ மட்டும் வச்சு யாருக்கு கீமோ வேலை செய்யும்னு கணிக்க முடியலை. இன்னொரு பக்கம், ஏடிஎம், ஆர்பி1 மாதிரி அடக்கி மரபணுக்கள் கெட்டுப்போன சிறுநீர்ப்பைக் கட்டிகள் சிஸ்பிளாட்டினுக்கு நல்லாவே சுருங்கினதா 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. டிஎன்ஏ சேதத்தைச் சமாளிக்க வழியில்லாம அந்த செல்கள் மாட்டிக்குது. ஒரே வகை பழுது, ஒரு இடத்தில் கேன்சருக்கு லாபம், இன்னொரு இடத்தில் நஷ்டம். நம்ம டீபக்கிங் அனுபவத்துக்கு இது புதுசில்லை.

ஹம்ப்ரிக்கு இது எதுவும் கிடைக்கலை. சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி வந்ததே 1978 டிசம்பரில். பி53 புரதத்தைக் கண்டுபிடிச்சது 1979-ல்.