75 பாட்டில் விஸ்கியின் பின்னால் இருப்பவர் யார்?

பெங்களூரு அம்ருத் டிஸ்டில்லரீஸ் தனது 75-வது ஆண்டையொட்டி, 15 வருஷம் பீப்பாயில் ஊறிய சிங்கிள் மால்ட் விஸ்கியை வெளியிட்டது. மொத்தமே 75 பாட்டில்தான்!

இந்த ஆலையை 1948-ல் தொடங்கியவர் ராதாகிருஷ்ண ஜக்தாலே. அப்போது சிங்கிள் மால்ட் என்றாலே ஸ்காட்லாந்துதான். அங்கே பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்தைத் தாண்டும். அதனால் இங்கே 15 வருஷம் காப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அதே வெயில்தான் விஸ்கியைச் சீக்கிரம் பக்குவமாக்குகிறது.

ஜக்தாலே 1976-ல் காலமானார். அவர் மகன் நீலகண்ட ஜக்தாலே 2004-ல் அம்ருத் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தார். ஆலையைத் தொடங்கிய அப்பாவுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)