யாழ் தேடிய துறவி

சங்ககாலப் பாணர் தோளில் சுமந்து திரிந்த யாழ், காலப்போக்கில் தமிழ்நிலத்தில் வழக்கொழிந்தது. பெயர் ஏட்டில் எஞ்சியது, கருவி மறைந்தது. பிற்காலத்தார் பலர் யாழும் வீணையும் ஒன்றே எனக் கொண்டனர். வீணையில் ஒரு தந்தியே பல சுரங்களைத் தரும். யாழிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் தனி நரம்பு வேண்டும். வில்லின் வழிவந்த இக்கருவியின் இயல்பை நூல் வழியாகவும் கணித வழியாகவும் ஆராய்ந்து நிறுவிய பெருமை விபுலாநந்த அடிகளுக்கு உரியது.

ஈழத்தின் கீழ்க்கரையிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த அடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கண்ணகிக்குக் கோயில் எடுத்து வழிபடும் ஊர் அது. சிலப்பதிகாரம் அவர் வாழ்வில் பெற்ற இடத்திற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இளமையில் வைத்திலிங்க தேசிகரிடம் தமிழ் கற்றார். மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஆங்கிலமும் அறிவியலும் பயின்றார். 1916இல் அறிவியற் பட்டயத்தையும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பட்டத்தையும் ஒருசேரப் பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் அவருக்குக் கிட்டியது. இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியிராவிடில் யாழ்நூல் தோன்றியிராது.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராகவும் பணியாற்றியபின், 1922இல் மயிலை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவுபூண்டு விபுலாநந்தர் ஆனார். துறவு அவரை உலகினின்று விலக்கவில்லை. ஈழம் திரும்பிப் பள்ளிகளை நடத்தினார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது, அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ளோர்க்குக் கல்வி புகட்டினார். பதவியை அவர் நெடுநாள் பற்றிக்கொண்டிருந்ததில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதி புலவர்க்கும் கடினமானது. அடியார்க்குநல்லார் உரை பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றிற்கு முறையே 21, 19, 14, 7 நரம்புகளைக் கூறும். அவ்வெண்களைப் படித்துக் கடந்தோரே பலர். அடிகளோ கணக்கிட்டார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். இவ்வாறே கிளைமுறையாகத் தொடர்ந்து சென்றால் பன்னிரு நிலைகளும் கிட்டும். ஆய்ச்சியர் குரவை உரையிற் காணும் வட்டப்பாலையும் பாலைத் திரிபும் பொருளற்ற சொற்கள் அல்ல, சுருதி சேர்க்கும் முறைகளே என்பது இதனால் தெளிவாயிற்று. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் தொடங்கிவைத்த ஆய்வு இவ்வாறு வேறொரு திசையில் வளர்ந்தது. வடமொழி நூல்கள் குறிக்கும் பழைய வீணையும் வில்வடிவினதே என்பதை ஆனந்த குமாரசுவாமி சிற்பங்களைக் கொண்டு காட்டியிருந்தார். நூலும் கல்லும் இங்ஙனம் ஒத்துநின்றன.

இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராக இருந்த காலத்தும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும் ஆய்வு தொடர்ந்தது. உடல் தளர்ந்தது, நோய் முந்துமோ நூல் முந்துமோ என்னும் நிலை வந்தது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் துணைநிற்க, 1947 சூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. நூலின் துணைகொண்டு செய்யப்பெற்ற யாழ்களும் அங்கே ஒலித்தன.

யாழ்நூல் எளிய நூலன்று. தமிழ் மாணவர் அதன் கணிதத்தைக் கண்டு அஞ்சுவர். இசைவாணர் அதன் செந்தமிழைக் கண்டு தயங்குவர். பழைய யாழ் ஒன்றும் கைக்குக் கிட்டாமையின், அவர் வகுத்த வடிவங்கள் செய்யுளும் உரையும் தந்த சான்றுகளின்மேல் அமைந்தவையே. அலகுக் கணக்கிற் கருத்து வேறுபட்டோரும் உளர். எனினும் யாழைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் அவரை விலக்கிச் செல்ல இயலாது.

அரங்கேற்றத்திற்குப்பின் அவர் வாழ்ந்தது ஆறு வாரங்களே. 1947 சூலை 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பு வாவியில் நிலவொளி இரவுகளில் கேட்கும் இசையை நீரரமகளிர் பாட்டாகக் கண்டு பாடியவர் அவர். அவ்வாவிக்கு அண்மையில், கல்லடி உப்போடையில் தாம் நிறுவிய பள்ளி வளாகத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பெற்றது.